ஆடியில் நல்ல கார்

பக்கிரிசாமி அண்ணன் வீட்டு மீட்டர்
வாசல் தூணில், என் நெற்றி உயரத்தில்.
இரண்டு மாசத்துக்கு ஒருமுறை
நானும் அதுவும் முகம் பார்த்துக்கொள்வோம்.
சித்திரையில் முந்நூற்று எண்பது யூனிட்,
ஆனியில் அறுநூற்று ஐம்பது.
ஏசி வாங்கினீங்களா என்றேன்.
கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார்.

வெள்ளைக் கார்.
புகைக்குழாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.
சுவரிலிருந்து வயர் இழுத்து,
மடி முட்டும் கன்று மாதிரி நின்றது.

முப்பத்தோரு வருஷம் அவருக்கு
எண்ணெய்க் கிணற்றில் வேலை.
அடியக்கமங்கலம், நரிமணம், கமலாபுரம்.
நட்ட வயலுக்கு நடுவே இரும்புக் கோபுரம் நிறுத்தி
பாதாளம்வரை குழாய் இறக்கியவர்
ஓய்வுப் பணத்தில் வாங்கியது
பெட்ரோல் குடிக்காத வண்டி.
"எங்கேருந்து வருதுன்னு பாத்தவன் நான், சார்"
பெண்ணான என்னையும் சார் என்றுதான் கூப்பிடுவார்.
அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

"ஆனா மருமவன் சிரிக்கிறான்.
நெய்வேலிக் கரியிலதானே மாமா ஓடுதுங்கிறான்.
நீங்க கரண்டு ஆபீசு. சொல்லுங்க,
இது சுத்தமா, இல்லியா?"

எனக்கு யூனிட்தான் தெரியும்.
மீட்டருக்குள் வரும்போது கரண்டுக்கு
ஊர் பேர் கிடையாது.
என்றாலும் அன்று ராத்திரி
பழைய ரசீதின் முதுகில் கணக்குப் போட்டேன்.
பழுப்பு நிலக்கரி மட்டும் என்றால்
பெட்ரோல் காரைவிட ஒரு பிடி கூடக் கரி.
காற்றாலை, வெயில், அணை எல்லாம் கலந்தால்
பரவாயில்லை, ஜெயிக்கிறது.
ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று திறந்துகொண்டால்
நன்றாகவே ஜெயிக்கிறது.

ஆவணியில் போனபோது சொன்னேன்:
அண்ணே, உங்க கார் ஆடியில நல்ல கார்.
மார்கழியில சுமார்.
ராத்திரி ஏத்தாதீங்க, உச்சி வெயில்ல ஏத்துங்க.
அவர் வெகுநேரம் யோசித்தார்.
"ஆடிக் காத்துல அம்மி நகரும்பாங்க.
நம்ம காரும் நகருது."

நான் சொல்லாமல் விட்டதும் உண்டு.
என் மகள் போனில் காட்டினாள்:
கடல் இல்லாத ஒரு தேசத்தில்
வேதாரண்யத்து உப்பளம் போலவே பாத்தி பாத்தியாய்,
பச்சையும் நீலமுமாய்த் தண்ணீர் காய்கிறது.
பேட்டரிக்கு உப்பு எடுக்கிறார்களாம்.
அந்த ஊர்க் கிணறுகள் இறங்கிப்போனதாக
தொப்பி போட்ட ஒரு பெண்
எனக்குப் புரியாத பாஷையில் சொன்னாள்.
கடைமடைக்காரிக்கு
அந்த முகம் மட்டும் புரிந்தது.

கார் என்றால் மேகம் என்று
பத்தாம் வகுப்பில் படித்தேன்.
கருத்தால் ஏரி நிறையும்.
வெளுத்த காரால் எது நிறையும்
என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

ஐப்பசி.
மழையில் பிளக் நனைந்து
என் ஸ்கூட்டர் அவர் வாசலிலேயே படுத்துக்கொண்டது.
"ஏறுங்க சார், அடுத்த தெருவுல விடுறேன்."
ஏறினேன். கதவு சாத்தினால்
ஊரே பஞ்சுக்குள் போய்விடுகிறது.

தார் ரோட்டில் பாதியை அடைத்து நெல்.
ஈரப்பதம் கூடுதல் என்று
கொள்முதல் நிலையத்தில் திருப்பிவிட்ட குறுவை.
காலால் கிண்டிக்கொண்டிருந்தவள்
முதுகுக்குப் பின்னால் வந்து நின்ற வண்டியைக் கண்டு
துள்ளி விழுந்தாள்.
"சத்தம் போட்டு வரக்கூடாதா, பாழாப்போறவனே!
நெல்லு மேல ஏத்தாத!"
இடது பக்கம் வாய்க்கால். இடம் இல்லை.
பேட்டரி கனம் வேறு.
ஓரத்து டயருக்குக் கீழே
பொரி நசுங்குவதுபோல் சத்தம்,
பஞ்சுக்குள்ளும் கேட்டது.
அண்ணன் கண்ணாடியை இறக்கி
மன்னிச்சுக்கம்மா என்றார், இரண்டு தடவை.

அப்போதுதான் தெரிந்தது,
வயலுக்கு அந்தப்பக்கம்,
மோட்டம் போட்ட வானத்தில்
அவருடைய பழைய கிணற்றின் வாயுத்தீ.
தேருக்குக் கட்டிய துணிபோல
காற்றில் ஒருபக்கம் சாய்ந்து
பகலிலும் எரிகிறது.
அதற்கு மீட்டர் இல்லை.
அண்ணன் அதைப் பார்க்காமல்
கியர் இருக்காத இடத்தில் கையை வைத்து
எடுத்துக்கொண்டார்.

அடுத்த தெருவில் முதல் வீடு பூட்டியிருந்தது.
கதவு பூட்டு என்று குறித்துக்கொண்டேன்.